பங்கு வைக்கும் வீடுகள்

வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோடு வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கிக் கொடைக்கானல் வண்டிக்குக் காத்து நிற்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள் பெரியகுளம், தேனி, கம்பம் போகிறவர்கள். மாசி மாதம் மகா சிவராத்திரி நெருங்கும் நாட்களில் இந்த மிச்சக் கூட்டம் வழக்கத்தைவிடப் பெரியது. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று பிழைக்கப் போன ஊர்களிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வருகிறார்கள். காலடியில் கட்டைப்பை, மடியில் பூப்பொட்டலம். எங்கே பயணம் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "சாமி கும்பிட." எந்தச் சாமி என்று கேட்டால்தான் பேச்சு பிரியும். ஒருவருக்கு ஆற்றங்கரைக் கருப்பசாமி. இன்னொருவருக்கு மலையடிவாரத்து அய்யனார். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்மணி மட்டும், "எங்களுக்கு வீட்டுச்சாமிதான். வெளிய சொல்றதில்ல" என்று முடித்துக்கொண்டார்.

அந்த வெளியே சொல்லாத சாமிகளைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். ஆசை எழுந்தது இங்கிருந்து அல்ல, வெகு தூரத்திலிருந்து. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை மறுபடி கும்பிடத் தொடங்கியிருப்பவர்கள் தங்களைப் பேகன்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் சூனியச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டது. அதன் பிறகு 1954-ல் ஜெரால்டு கார்டனர் என்பவர் புத்தகம் எழுதி இந்த வழிபாட்டை வெளியே கொண்டுவந்தார். ஐஸ்லாந்தில் 1972-ல் தொடங்கிய ஆசாத்ரு சங்கத்துக்கு அடுத்த ஆண்டே அரசு அங்கீகாரம் கிடைத்தது. இவர்களில் பலருக்குப் பெரிய தெய்வங்களைவிட வீட்டோடு இருக்கும் சின்னச் சின்ன ஆவிகளிடம்தான் நெருக்கம் அதிகம். அடுப்பங்கரையில் ஒரு பலகை வைத்து, பாலோ தேனோ ரொட்டித் துண்டோ படைத்து, வீட்டைக் காக்கிறவருக்கு நன்றி சொல்கிறார்கள். அதை எப்படிச் செய்வது, எந்த நாளில் செய்வது, என்ன படைப்பது என்பதையெல்லாம் பழைய நூல்களிலும் தொல்லியல் அறிக்கைகளிலும் தேடித் தேடித் தெரிந்துகொள்கிறார்கள். அந்தத் தேடலைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. அவர்களுக்குச் சொல்லித்தர வீட்டில் கிழவி இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. ரோமானியர் வீடுகளில் லாரேஸ் என்றும் பெனாடெஸ் என்றும் வீட்டுத் தெய்வங்கள் இருந்தன. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை மூடிய பொம்பெயி நகரத்தைத் தோண்டியபோது அடுக்களையிலும் முற்றத்திலும் அந்தத் தெய்வங்களுக்கான மாடங்கள் வரிசையாகக் கிடைத்தன. பல மாடங்களுக்குக் கீழே பாம்புகள் வரையப்பட்டிருந்தன. கி.பி. 392-ல் பேரரசர் தியோடோசியஸ் ஒரு சட்டம் போட்டார். லாரேஸுக்கு நெருப்பு வைக்கக் கூடாது, குடும்பத் தலைவரின் காவல் ஆவியான ஜீனியஸுக்கு மது வார்க்கக் கூடாது, பெனாடெஸுக்கு வாசனைப் புகை காட்டக் கூடாது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் செய்தாலும் குற்றம். கோயிலை இடிப்பதைவிடக் கொடியது இது என்று நான் நினைக்கிறேன். கோயில் ஊருக்குச் சொந்தம், மறுபடி கட்டிக்கொள்ளலாம். அடுக்களை மாடத்து விளக்கை அணைத்தால் ஒரு குடும்பத்தின் ஞாபகம் அணைந்துவிடும்.

பெரியகுளம் பக்கம் அப்படி ஒரு சட்டம் வந்ததே இல்லை.

பெரியகுளத்துக்கு முன்னால் தேவதானப்பட்டி. இறங்கி, மஞ்சளாற்றங்கரையில் இருக்கும் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். வீட்டுச்சாமியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆற்று வெள்ளத்தில் மூங்கில் பெட்டிக்குள் அம்மன் மிதந்து வந்தாள், மூங்கில் புதரில் அணைந்து நின்றாள் என்பது தலபுராணம். இங்கே கருவறைக் கதவு திறப்பதில்லை. சாத்திய கதவுக்குத்தான் பூசை, தீபாராதனை, மாலை எல்லாம். உள்ளே இருப்பதைப் பார்க்க யாரும் முண்டியடிப்பதில்லை. தேங்காயை உடைக்காமல் அப்படியே வைக்கிறார்கள். வாழைப்பழத்தை உரிக்காமல் வைக்கிறார்கள். விளக்குக்கு நெய்தான். பக்தர்கள் கொண்டுவந்து கொடுத்த நெய் பானை பானையாக இருக்கிறது, அதில் எறும்பு மொய்ப்பதில்லை என்று சொல்கிறார்கள். மாசி சிவராத்திரிதான் இங்கே பெருந்திருவிழா.

கதவுக்கு முன்னால் நின்ற கூட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தகப்பன் கைக்குழந்தையைக் கதவின் பக்கம் நீட்டி, "ஆத்தா, வந்துருக்கோம்" என்றார். காணிக்கையைப் பற்றியோ வேண்டுதலைப் பற்றியோ பேச்சில்லை. வந்திருப்பதைச் சொன்னார், அவ்வளவுதான். வெளியூரிலிருந்து திரும்பிய மகன் வீட்டுக்குள் நுழையும்போது சொல்கிற குரல் அது. உள்ளே ஆள் இருக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லாதவர்களால்தான் அப்படிப் பேச முடியும்.

பெரியகுளத்தை வராக நதி வடகரை, தென்கரை என்று இரண்டாகப் பிரிக்கிறது. மேலே சோத்துப்பாறை அணை, வடமேற்கே கும்பக்கரை அருவி, சுற்றிலும் மாந்தோப்புகள். ஆற்றங்கரையில் பாலசுப்பிரமணியர் கோயில். இராஜேந்திர சோழன் வேட்டையில் தாய்ப்பன்றியைக் கொன்றுவிட, தவித்த குட்டிகளுக்கு முருகனே பால் கொடுத்தான், அதனால்தான் ஆற்றுக்கு இந்தப் பெயர் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். தாயில்லாமல் நின்றவற்றுக்குப் பங்கு கொடுத்த சாமி. நான் பார்க்கப்போன வீட்டின் கதைக்கும் அந்த எண்ணம் பொருந்திப் போனது.

வீடு தென்கரையில், சந்துக்குள் இருந்தது. நண்பர் ஒருவரின் பூர்வீக வீடு. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். வாசலில் கிரானைட், உள்ளே டைல்ஸ், சுவரில் பெரிய டிவி. நண்பரின் அப்பத்தாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. என்னைப் பார்த்ததும், "வாய்யா, காப்பித்தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று பேரன் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பாரு. ஆனா படம் புடிக்காத. அவளுக்குப் புடிக்காது."

அவள் என்று அவர் சொன்னது அந்த வீட்டுக் கன்னியை. அப்பத்தாவின் வீட்டுக்காரருக்கு அக்கா. பன்னிரண்டு வயதில் அம்மை போட்டு இறந்தவள். அப்பத்தா இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே நடந்தது. "எனக்கு நாத்தனா முறை. ஆனா எனக்குக் கொள்ளுப்பேத்தி வயசு" என்றார். நான் அந்த வாக்கியத்தை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முறை மாறாது, வயதும் ஏறாது. வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் வயதாகிக்கொண்டே போகிறது. அவளைவிடச் சின்னவர்களாக இருந்தவர்கள் அவளுக்குத் தகப்பன் வயதாகி, தாத்தா வயதாகி, ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவள் அப்படியே இருக்கிறாள்.

அவள் சாமியான கதை அந்தப் பக்கத்தில் பலரும் சொல்லும் கதைதான். இறந்து சில ஆண்டுகளுக்கு வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று நோக்காடு. பசுமாடு கன்று போடுகிறது, கன்று தங்குவதில்லை. பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல். கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கை அடித்துக் குறி கேட்டிருக்கிறார்கள். பெற்ற தாயின் மேலேயே இறங்கி அவள் பேசினாளாம். "தீபாவளிக்கு எல்லாருக்கும் துணி எடுத்தீக. எனக்கு எடுத்தீகளா? பொங்கலுக்கு எல்லாரும் கூடித் தின்னீக. எனக்குப் பங்கு வச்சீகளா?" அந்த வெள்ளிக்கிழமையே பாவாடை சட்டை எடுத்து, ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிட்டார்கள். ஓலைப்பெட்டி செல்லரித்துப்போய், பிறகு தகரப்பெட்டி வந்தது. இப்போது இருப்பது அதுதான்.

அவள் கேட்டது கோயிலை அல்ல. பலியை அல்ல. தன் பங்கை. கூடப் பிறந்தவர்களுக்குக் கிடைத்த துணியும் சோறும் தனக்கும் வேண்டும் என்று கேட்டாள். வீட்டுச்சாமிகள் எல்லோருமே கேட்பது இதைத்தான் என்று இந்தப் பயணத்தில் எனக்குப் பட்டது. நார்வேயிலும் சுவீடனிலும் பண்ணை வீட்டோடு இருக்கும் நிஸ்ஸே, தொம்தே என்ற குள்ளக் கிழவருக்குக் கிறிஸ்துமஸ் இரவில் வெண்ணெய் வைத்த கஞ்சி கொடுக்க வேண்டும். ஒரு கதையில் வேலைக்காரப் பெண் வெண்ணெயைக் கஞ்சிக்கு அடியில் வைத்துவிடுகிறாள். மேலே வெண்ணெயைக் காணாத கோபத்தில் அவர் பண்ணையின் நல்ல பசுவை அடித்துக் கொன்றுவிடுகிறார். கஞ்சியைக் குடித்து முடித்து, அடியில் வெண்ணெயைக் கண்டதும் வருந்தி, பக்கத்துப் பண்ணையிலிருந்து அதே மாதிரிப் பசுவைக் கொண்டுவந்து கட்டுகிறார். ஒரு கரண்டி வெண்ணெய்க்காக வந்த கோபம் அல்ல அது. தன்னை விட்டுவிட்டார்கள் என்ற கோபம். பெரியகுளத்துக் கிழவியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "பின்ன? இருக்குற ஆளுக்கு வைக்கலேன்னா கோவம் வராதா?" என்று கேட்டார். நார்வே எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. சிவராத்திரிக்கு முந்திய வெள்ளியில் அந்த வீட்டில் கன்னி கும்பிடு. ஒரு வாரமாக வீட்டில் கவிச்சி இல்லை. காலையிலேயே வீடு கழுவிவிட்டிருந்தார்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து உரலில் இடித்தார்கள். மிக்ஸி இருந்தும் அன்றைக்கு உரல்தான். துள்ளுமாவு, அவித்த பாசிப்பயறு, எள்ளுருண்டை, பானக்கம் எல்லாம் தயார். பழத்தட்டில் வாழைப்பழத்தோடு கம்பம் பன்னீர் திராட்சையும் இருந்தது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற திராட்சை அது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுதான் இஷ்டமாம்.

பரண் இருந்த இடத்தில் இப்போது சிமெண்டு லாஃப்ட். அதிலிருந்து நண்பரின் சித்தப்பா பெட்டியை இறக்கினார். வாயில் வெள்ளைத்துணி கட்டியிருந்தார். பெட்டியைத் தரையில் வைக்கவில்லை, மனைப்பலகையில் வைத்தார். அப்பத்தா பூட்டைத் திறந்தார். மேலே மஞ்சள் துணி. அதன் கீழே போன வருஷத்து உடுப்பு. அதற்கும் கீழே கண்ணாடி வளையல்கள் தாளில் சுற்றி, ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, மரச்சீப்பு, சிவப்பு ரிப்பன், சாந்துப்பொட்டு பாட்டில், பவுடர் டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில் விரல் நீளத்தில் ஒரு மரப்பாச்சி. அது அவள் விளையாடிய மரப்பாச்சி. அவள் உடம்பு தொட்டது என்று அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். போட்டோ கிடையாது. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. மரப்பாச்சியை எடுத்து மஞ்சள் தண்ணீரில் துடைத்து, நெற்றியில் பொட்டு வைத்து மறுபடி படுக்கவைத்தார் அப்பத்தா. பிள்ளையைக் குளிப்பாட்டும் கை அது. அவசரமில்லை, படபடப்பும் இல்லை.

புதுத்துணியைப் பார்த்துத்தான் எனக்கு வியப்பு. பாவாடை சட்டையை எதிர்பார்த்திருந்தேன். இருந்தது சுடிதார், கருநீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி தேர்ந்தெடுத்தது. "பன்னண்டு வயசுப் பிள்ள இப்பப் பாவாடயா கட்டுது?" என்றார் அவளுடைய அம்மா. சில வருஷங்களாகவே சுடிதார்தானாம். போன வருஷத்து உடுப்பை அந்தப் பேத்தியிடமே கொடுத்தார்கள். அது வழக்கம். கன்னிக்கு வைத்த துணியை ஒரு வருஷம் கழித்து வீட்டுப் பெண்பிள்ளை உடுத்திக்கொள்ளும். அவள் அப்போதே உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து விளக்கின் முன் நின்றாள். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பேத்தியிடம் பிறகு கேட்டேன், பயமாக இருக்காதா என்று. அவள் பதில் சொல்வதற்குள் அப்பத்தா முந்திக்கொண்டார். "வீட்டுப் பிள்ளைக்கு ஆரும் பயப்படுவாகளா? கோவிச்சுக்கிட்டா சமாதானப்படுத்தணும். அம்புட்டுத்தான்." பரீட்சைக்குப் போகும்போது பேத்தி பெட்டி இருக்கும் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறாள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை பெட்டிக்கு. முகூர்த்தத்துக்கு முன் கன்னி கும்பிடாமல் தாலி கட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை பொழுதடைந்தால் அந்த வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை கிடையாது. இவ்வளவுதான் கட்டுப்பாடு. வீட்டை இடித்துக் கட்டியபோது குடும்பம் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போயிருக்கிறது. "அவள எங்க விட்டீங்க?" என்று கேட்டேன். "விடுறதாவது? கூடத்தான் கூட்டிட்டுப் போனோம். வாடக வீட்டுக்காரம்மாகிட்ட மொதல்லயே சொல்லிட்டோம், எங்க கூட ஒரு பிள்ள இருக்குன்னு."

இந்த வழக்கம் பெரியகுளத்துக்கு மட்டும் உரியதல்ல. வடதமிழ்நாட்டில் பூவாடைக்காரி என்று கும்பிடுவதும் இதன் உறவுதான். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்த இசபெல் நபோகோவ் 2000-ல் வெளியான தன் நூலில் பூவாடைக்காரி சடங்கை விரிவாக எழுதியிருக்கிறார். மதுரைக்கு மேற்கே 1949, 1950-ம் ஆண்டுகளில் தங்கியிருந்த பிரெஞ்சு மானிடவியலர் லூயி துய்மோன், அந்தப் பக்கத்துச் சமூகத்தைப் பற்றிய தன் பெரிய நூலில் பங்காளிகள் கூடிக் கும்பிடும் சாமிகளைப் பற்றியும் எழுதினார். அந்த நூல் 1957-ல் வெளிவந்தது. படித்தவர்கள் நம் வீட்டு விஷயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், கடல் கடந்து வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த வழிபாட்டைப் பாராட்டிவிட்டு மட்டும் நகர என் மனம் ஒப்பவில்லை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. பெண் சிசுக்கொலையைப் பற்றி 1986-ல் இந்தியா டுடே எழுதிய பிறகு நாடு முழுவதும் தெரிந்த ஊர். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் கொண்டுவர வேண்டிய நிலை இருந்தது. பன்னிரண்டு வயதில் இறந்தவளுக்குப் பெட்டி வைத்து வருஷந்தோறும் உடுப்பு எடுக்கும் அதே மண்ணில், பிறந்த அன்றே போன பிள்ளைகளுக்குப் பெயரும் இல்லை, பெட்டியும் இல்லை. கன்னியாகக் கும்பிடப்படும் பெண்களில் அம்மையிலும் காய்ச்சலிலும் போனவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? கிணற்றில் விழுந்தவர்கள், சாதி விட்டு விரும்பியதற்காகச் சொந்த வீட்டாரால் கொல்லப்பட்டவர்கள் தெய்வமான கதைகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. கொன்றவர்களே கும்பிடுவதும் உண்டு. அந்தக் கும்பிடு குற்றத்தைக் கழுவாது. சாமிக்குப் பங்கு வைக்கும் வீடு, உயிரோடிருக்கும் மகளுக்கும் நிலத்திலும் படிப்பிலும் பேச்சிலும் பங்கு வைக்க வேண்டும். நான் பார்த்த வீட்டில் அது நடக்கிறது. அந்தச் சுடிதாரைத் தேர்ந்தெடுத்த பெண் நர்ஸிங் படிக்கப் போவதாக உறுதியாகச் சொன்னாள். அப்பத்தா அதற்கென்று ஒரு செயினை எடுத்து வைத்திருக்கிறார்.

இறந்தவரைக் கூட வைத்துக்கொள்வது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களிலேயே மிகப் பழையவை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் என்று கணிக்கிறார்கள். அதில் ஒன்று கூடலூரில் மாடு கவர்ந்த பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். அரசன் பெயர் இல்லை, புகழ்மாலை இல்லை. இறந்தவன் பெயரும் ஊரும் செத்த காரணமும் மட்டும். பெயரைச் சொல்லி ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். தகரப்பெட்டியும் அதைத்தான் செய்கிறது.

தேனியிலிருந்து கம்பம் பக்கம் போனால் இந்த மனம் இன்னொரு விதமாக வெளிப்படுகிறது. வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாகப் பச்சையாக இருக்கும் அந்தப் பூமிக்குத் தண்ணீர் வருவது 1895 அக்டோபரில் திறந்த முல்லைப் பெரியாறு அணையால். அதைக் கட்டிய பென்னிகுயிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841 ஜனவரி 15-ல் பிறந்து 1911-ல் இங்கிலாந்தில் இறந்தார். அவர் படம் இங்கே வீடுகளில் சாமிப் படங்களோடு மாட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பில் 2013 ஜனவரியில் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் திறந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் அவரை வீட்டுக்குள் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் வேறு நாடு, வேறு மதம், ஆண்ட இனம். ஆனால் வீட்டுக்குச் சோறு வந்த வழியில் அவர் கை இருக்கிறது, அதனால் அவருக்கும் பங்கு உண்டு. யாரைக் குடும்பமாகக் கொள்வது என்பதில் இந்த மக்களுக்கு இருக்கும் தாராளம் என்னை நெகிழவைத்தது.

திரும்பிப் பெரியகுளம் வந்தபோது நண்பரின் அக்கா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடி. அவருடைய கவலை வேறு. அங்கே பெட்டி வைக்க இடமில்லை. பெட்டி இங்கே தம்பி வீட்டில்தான் இருக்க வேண்டும். அவருடைய பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாமலே போய்விடுமோ என்று பயப்படுகிறார். அப்பத்தா தீர்வு வைத்திருந்தார். பெட்டிக்கு முன் வைத்த திருநீற்றில் கொஞ்சம், மஞ்சள் கிழங்கு ஒன்று, பழைய ரிப்பனில் ஒரு முழம் எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து கொடுத்தார். "அடுப்படிப் பக்கம் ஒரு தட்டுல வையி. வெள்ளிக்கெழம வெளக்கேத்து. பிள்ளைககிட்ட, இது ஒங்க பெரிய பாட்டின்னு சொல்லு. அது போதும், அவ வந்துருவா." ஊர் விட்டுப் போகிறவர்கள் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய், போன இடத்தில் சாமியை நிலைநிறுத்துவது நம் பழக்கம்தானே. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மலையேறிப் போனவர்கள் அப்படித்தான் கொண்டு போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் அப்படித்தான் முனியும் மாரியும் போனார்கள். ரஷ்யக் கிராமங்களில் குடும்பம் புது வீட்டுக்குப் போகும்போது, மூத்தவள் பழைய அடுப்பின் கங்கைச் சட்டியில் எடுத்துப்போய்ப் புது அடுப்பில் போட்டு, தொமவோய் என்ற வீட்டுத் தாத்தாவை வரவேற்பாள். எங்கேயும் இதே ஏற்பாடுதான். சாமிக்குச் சுவர் முக்கியமில்லை, கூப்பிடும் ஆள்தான் முக்கியம்.

இன்றைய பேகன்கள் கஷ்டப்பட்டு மீட்டெடுப்பது இந்தக் கூப்பிடுதலைத்தான். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அறுந்த இடத்தில் முடிச்சுப்போட முயல்கிறார்கள். ஆனால் அவர்கள் பலகையில் வைக்கும் பாலைக் குடிக்க வருகிறவருக்குப் பெரும்பாலும் பெயர் தெரியாது, முறை தெரியாது. நம்மிடம் பெயர் இருக்கிறது. நாத்தனார், அத்தை, பெரிய பாட்டி என்ற முறை இருக்கிறது. எதனால் போனாள், எது அவளுக்குப் பிடிக்கும் என்பது தெரிந்த ஒரு கிழவி ஏதோ ஒரு தெருவில் இன்னும் இருக்கிறாள். சட்டம் போட்டு யாரும் நம்மைத் தடுக்கவில்லை. வேலைக்கு, படிப்புக்கு என்று போகிற போக்கில் நாமே விட்டுவிட்டு வருகிறோம்.

தேவதானப்பட்டிக்கும் பெரியகுளத்துக்கும் திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் அடிக்கடி பஸ் இருக்கிறது. மாசி சிவராத்திரிக்கு முன்னால் போனால் பெட்டிகள் பரணிலிருந்து இறங்கும் நேரத்தைப் பார்க்கலாம். யார் வீட்டுக்குப் போனாலும் பூவும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு போங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள். செல்போனைப் பையில் வையுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டு மூத்தவரிடம் இந்த வாரமே போன் போட்டுக் கேளுங்கள்: நம் வீட்டில் யாரைக் கும்பிடுகிறோம், அவர் பெயர் என்ன, எந்த நாளில், என்ன படைப்போம், எப்படி இறந்தார். சொல்வதை ஒரு நோட்டில் எழுதி, உங்கள் மகளிடம் கொடுங்கள்.